மாண்டினீக்ரோ நாவலாசிரியர்களில் யாரை முதலில் வாசிக்கலாம்?

என் பதில் மிஹைலோ லாலிச். அவர் எழுதியவற்றில் 'லெலெய்ஸ்கா கோரா'. தமிழில் 'ஒப்பாரி மலை' என்று வைத்துக்கொள்ளலாம்.

லாலிச் 1914-ல், ஆந்த்ரியெவிட்சா பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். பெல்கிரேடுக்குச் சட்டம் படிக்கப் போனவர் கம்யூனிஸ்ட் ஆனார், சிறைக்கும் போனார். இரண்டாம் உலகப் போரில், 1941 ஜூலையில், நாட்டை ஆக்கிரமித்திருந்த இத்தாலியப் படைக்கு எதிராக மாண்டினீக்ரோ கிளர்ந்தெழுந்தது. சில மாதங்களுக்குள் அது பங்காளிச் சண்டையாகவும் ஆகிவிட்டது. ஒரு பக்கம் பார்ட்டிசான்கள் என்ற கம்யூனிஸ்ட் கொரில்லாப் போராளிகள், எதிர்ப்பக்கம் மன்னராட்சி வேண்டிய செட்னிக்குகள். ஒரே ஊர்க்காரர்கள்தான் இரண்டு பக்கமும். செட்னிக்குகள் லாலிச்சைப் பிடித்து கொலாஷின் சிறையில் அடைத்தார்கள். அப்புறம் ஜெர்மானியர் கைக்குப் போய், கிரேக்கத்தில் தெசலோனிக்கி முகாம். அங்கிருந்து தப்பி கிரேக்கப் போராளிகளோடு சேர்ந்துகொண்டார்.

போரில் ஜெயித்த பக்கத்து ஆள் அவர். ஆனாலும் இந்த நாவலுக்கு அவர் எடுத்துக்கொண்டது தோற்றுப்போன காலத்தை. 1942-ல் பார்ட்டிசான் படை பொஸ்னியாவுக்குப் பின்வாங்கிவிடுகிறது. லாதோ தாயோவிச் என்ற இளைஞன் சில தோழர்களோடு மலையிலேயே தங்குகிறான். ஒரு கட்டத்தில் தனியாளாகிறான். பசி, மூடுபனி, எப்போது சுற்றி வளைப்பார்களோ என்ற பயம். பேச்சுத்துணைக்கு அவன் முன்னால் சாத்தான் வந்து நிற்கிறான். எதற்காகப் போராடப் புறப்பட்டானோ அதெல்லாம் மங்கி, துரத்துகிறவர்களின் வெறி அவனுக்குள்ளும் ஏறுகிறது. தன் கட்சிக்காரனை இப்படி எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! லாதோவை அவர் எங்கும் வீரனாக்கிக் காட்டவில்லை, கைவிடவும் இல்லை. என்னை அசைத்தது அதுதான்.

நாவல் முதலில் 1957-ல் வந்தது. லாலிச் அதோடு விடாமல், விரிவாக்கித் திருத்தி 1962-ல் மறுபடி வெளியிட்டார். எழுதி முடித்த நாவல்களைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதுவது அவர் வழக்கம். அடுத்த வருடம் இதற்கு இலக்கியத்துக்கான நியெகோஷ் விருது கிடைத்தது, அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் இவர்தான். ஆங்கில மொழிபெயர்ப்பு 1965-ல் வந்தது.

மலையும் தனிமையும் ஒத்துவராது என்றால் 1950-ல் வந்த 'ஸ்வாத்பா'வை எடுங்கள். கொலாஷின் சிறைதான் களம், கதையும் வேகமாக நகரும். சிறந்த நாவலுக்கு யூகோஸ்லாவியாவில் கொடுத்துவந்த நின் விருதை 1973-க்காகப் பெற்ற 'ராத்னா ஸ்ரெச்சா' பால்கன் போர்கள் வரை பின்னால் போகிற பெரிய நாவல். அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.