நடக்க விட்டுப் பாருங்கள்

கேள்வி: நவம்பர் இதழில் 2026 வசந்த-கோடைப் பருவத்துக்கான பாரிஸ், மிலான் ஃபேஷன் ஷோக்களைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தீர்கள். ஷனேல் ஆஹா, அர்மானி ஓஹோ! கூடவே, வாயில் கம்பியை மாட்டிக்கொண்டு நிற்கும் பெண்ணின் படம் வேறு. இதையெல்லாம் யார் சார் போடுவார்கள்? இந்தக் கோமாளிக் கூத்துக்கு நான்கு பக்கமா? போகட்டும், நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதினீர்களா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மடிக்கணினியில்தான் பார்த்தேன், சிலவற்றை இரண்டு, மூன்று முறை. ஆனாலும் ஒன்று சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் பார்த்தது நாங்கள் அச்சிட்ட ஆறு படங்கள். நான் பார்த்தது நடை. நம் தகராறே அங்கேதான் இருக்கிறது.

இத்தாலிய ஃபேஷன் நிறுவனமான பொட்டேகா வெனெட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். வடிவமைப்பாளர் லூயிஸ் ட்ராட்டர் அங்கே பொறுப்பேற்றுச் செய்த முதல் தொகுப்பு. மறுசுழற்சி செய்த கண்ணாடி இழையில் பாவாடையும் ஸ்வெட்டரும் செய்திருந்தார். படத்தில் அது பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரிதான் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நானும் முதலில் படத்தைப் பார்த்துச் சிரித்தவன்தான். அப்புறம் வீடியோவைப் பார்த்தேன். அந்தப் பெண் நடக்க நடக்க, இழை ஒவ்வொன்றும் தனித்தனியாக வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு ஆடுகிறது. இடுப்பிலிருந்து ஓர் அலை இறங்கிக் கீழே போகிறது. கால் ஒரு பக்கம் போனால், பாவாடை ஒரு நொடி யோசித்துவிட்டுப் பின்னாலேயே வருகிறது. சிரிப்பு அடங்கிவிட்டது.

“யார் போடுவார்கள்?” காசு இருப்பவர்கள். இது ஒன்றும் ரகசியமில்லை. நீங்கள் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள் என்று தோன்றுகிறது. ஒருவரின் உடம்புக்கு அளவெடுத்து, கையாலேயே தைக்கிற ‘ஓத் கூத்தூர்’ என்பது தனி. அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ள முடியாதபடி 1945 முதல் பிரான்ஸில் சட்டப் பாதுகாப்பு உண்டு. அதற்கான ஷோக்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கும். 2025 செப்டம்பர், அக்டோபரில் நடந்தவை, அதாவது நான் எழுதியவை, ஆயத்த ஆடைகளுக்கானவை. ஷோ முடிந்ததும் உடுப்புகள் ஷோரூமுக்குப் போகும், கடைக்காரர்கள் வந்து தொட்டுப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள், சில மாதங்களில் கடைக்கு வரும். மேடையில் வந்த எல்லாமே வந்துவிடாது. பெரிய ‘வீடுகள்’ (ஃபேஷன் நிறுவனங்களை அப்படித்தான் சொல்வார்கள்) பலவற்றுக்குச் சோறு போடுவது பையும் செருப்பும் வாசனைத் திரவியமும்தான். மேடை உடுப்பு அதற்கான தண்டோரா. சரி, இது வியாபாரம். நான்கு பக்கம் எழுத இது காரணமில்லை.

ஷனேலுக்கு வருகிறேன். அந்த வீட்டின் பேர்பெற்ற கோட்டின் உள்விளிம்பில் மெல்லிய சங்கிலி ஒன்றைச் சுற்றிலும் தைத்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கையைத் தூக்கி இறக்கினால் கோட் மேலே ஏறி நின்றுவிடாமல் பழையபடி நேராக வந்து விழ வேண்டும். அதற்கான கனம் அது. வீட்டை நிறுவிய கப்ரியேல் ஷனேல் தொடங்கிவைத்த வழக்கம். அக்டோபர் 6 அன்று, அங்கே புதிதாக வந்த வடிவமைப்பாளர் மத்தியூ ப்ளாசி தன் முதல் ஷனேல் தொகுப்பைக் காட்டினார். ‘சார்வே’ என்ற பழைய பாரிஸ் சட்டைக் கடையோடு சேர்ந்து தைத்த சட்டைகளுக்கும் அதே சங்கிலியைப் போட்டிருந்தார். பார்க்க வெறும் ஆண்பிள்ளைச் சட்டை. ஆனால் நடக்கும்போது தொளதொளவென்று பறக்காமல் ஒரு கனத்தோடு கீழே இழுத்துக்கொண்டு விழுகிறது. நான் ‘ஆஹா’ போட்டது இந்தச் சங்கிலிக்கு. மண்டபம் முழுக்கக் கிரகங்களைத் தொங்கவிட்டிருந்தார்களே, அதற்கும் உடுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கடைசியாக அவார் ஓதியாங் என்ற மாடல் வந்தார். மேலே வெள்ளைப் பட்டில் சாதாரண டீ-ஷர்ட் மாதிரி ஒன்று. கீழே பல நிறச் சிறகுகள் வைத்த பெரிய பாவாடை. ரேம்ப்பில் சிரிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். அவர் சிரித்தார், கைதட்டினார், கையை விரித்துச் சுற்றினார். அந்தப் பாவாடை அவரைச் சுற்ற விட்டது.

பலென்சியாகா வீட்டில் புது வடிவமைப்பாளர் பியர்பாவ்லோ பிச்சியோலி வேறு வழியில் போனார். அதை நிறுவிய கிறிஸ்தோபல் பலென்சியாகா 1958-ல் சுவிட்சர்லாந்தின் ஆபிரகாம் நிறுவனத்தோடு சேர்ந்து ‘கஸார்’ என்று ஒரு பட்டுத் துணியை உருவாக்கினார். விறைப்பாக, ஆனால் கனமில்லாமல் நிற்கும், உடம்பில் ஒட்டாது. பிச்சியோலி அதைப் புதுப்பித்துப் பயன்படுத்தியிருந்தார். முதலில் வந்ததே கிறிஸ்தோபல் 1957-ல் செய்த, இடுப்பை இறுக்காத ‘சாக்கு’ உடையை நினைவூட்டும் கறுப்பு உடுப்பு. உடம்புக்கும் துணிக்கும் நடுவில் காற்று போய் வருகிறது. வயிற்றை எக்கிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. இதை யார் போடுவார்கள் என்று கேட்டால், மதியம் நன்றாகச் சாப்பிட்ட எவரும் போடலாம்.

டியோரில் எனக்கு மனசு ஒட்டவில்லை. 1947 பிப்ரவரியில் கிறிஸ்டியன் டியோர் காட்டிய ‘பார்’ கோட்டை, இடுப்பை இறுக்கி அதன் கீழே பஞ்சு வைத்துப் புடைத்த அந்தக் கோட்டை, புது வடிவமைப்பாளர் ஜொனாதன் ஆண்டர்சன் பொம்மைக்குத் தைத்தது போலச் சுருக்கிவிட்டார். கெட்டிக்காரத்தனம் தெரிந்தது, உள்ளே ஓர் ஆள் இருக்கிறார் என்ற நினைப்பு தெரியவில்லை. அவருக்கு முன் ஒன்பது வருடம் அங்கே இருந்தவர் மரியா கிராசியா கியூரி. டியோரின் பெண்கள் பிரிவுக்குத் தலைமை வகித்த முதல் பெண் அவர். இந்தப் பருவத்தில் பெரிய வீடுகளில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் ஆண்கள். ட்ராட்டர் விதிவிலக்கு. பெண்ணின் உடுப்பை வெட்டுகிற கத்தரிக்கோல் ஏன் எப்போதும் ஆண் கையில் என்று நீங்கள் கேட்டிருந்தால், நான்கு பக்கம் போதாது என்று ஒப்புக்கொண்டிருப்பேன்.

அர்மானிக்கு நான் ‘ஓஹோ’ போடவில்லை, எடுத்துப் படித்துப் பாருங்கள். செப்டம்பர் 4-ல் தன் 91 வயதில் ஜார்ஜோ அர்மானி காலமானார். அவர் கைவைத்த தொகுப்பு 28-ஆம் தேதி மிலானின் ப்ரேரா ஓவியக் கூடத்தில் காட்டப்பட்டது. போனவரைப் பாராட்டுவது சுலபம், அந்தச் சலுகையையும் கொடுத்திருப்பேன், மறுக்கவில்லை. ஆனால் எழுபதுகளில் கோட்டுக்குள்ளிருந்த விறைப்புத் துணியையும் தோள் பஞ்சையும் பிடுங்கி எறிந்து, சட்டை மாதிரி அதைத் தோளில் விழ வைத்தவர் அவர். கடைசித் தொகுப்பிலும் அந்த விழுதல் அப்படியே இருந்தது.

வாயில் கம்பி விஷயத்தில் நானும் உங்கள் கட்சி. அது மார்ஜியலா என்ற பாரிஸ் வீட்டில் வடிவமைப்பாளர் க்ளென் மார்ட்டென்ஸ் செய்தது. அந்த வீட்டின் லேபிள் வெறும் வெள்ளைத் துணி. நான்கு மூலையிலும் ஒவ்வொரு தையல், அவ்வளவுதான். யார் செய்தது என்று பறைசாற்ற வேண்டாம், பிடிக்காவிட்டால் பிரித்து எறி என்று அதற்கு அர்த்தம். அந்த நான்கு தையலை உலோகத்தில் செய்து பெண்களின் வாயில் மாட்டி, உதட்டை இழுத்துப் பிடித்து நடக்கவைத்தார்கள். லேபிளில் அடக்கமாக இருந்தது முகத்தில் வந்தபோது பூட்டாகிவிட்டது. கோட்டுகளின் வெட்டு அருமை. பக்கத்தில் ஒரு சிறுவர் இசைக்குழு சுருதி தப்பி, ரொம்ப அழகாக, வாசித்துக்கொண்டிருந்தது. கண் என்னவோ வாயிலேயே நின்றது.

மிலானின் வெர்சாச்சே வீட்டைப் பற்றி ஒரு திருத்தம். பட்டன் போடாத ஜீன்ஸும் கலைந்த படுக்கையுமாக அதன் புது வடிவமைப்பாளர் டாரியோ விட்டாலே செய்ததைக் கொஞ்சம் கடுமையாகவே எழுதி, ‘அடுத்த பருவத்தில் பார்க்கலாம்’ என்று முடித்திருந்தேன். டிசம்பரில் வெர்சாச்சே இன்னொரு இத்தாலிய நிறுவனமான ப்ராடாவின் கைக்குப் போனது. அதே வாரம் விட்டாலே விலகும் செய்தியும் வந்தது. ஒரே ஒரு தொகுப்பு. அந்த வரியை இப்போது படிக்கச் சங்கடமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை படங்களில் வாய்க் கம்பிப் படத்தைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாகப் போட்டவன் நான்தான். பக்கத்தைப் புரட்டுகிறவர் நிற்பார் என்று கணக்குப் போட்டேன். நீங்களும் நின்றீர்கள். ஓதியாங் படத்தைப் போட்டிருக்கலாம். அதிலும் அந்தப் பாவாடை சுற்றாமல் நின்றுகொண்டுதான் இருந்திருக்கும்.