வட சென்னைப் பழைய தியேட்டர்களுக்கு விசில், சண்டை தவிர வரலாறு என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தமிழ்ப் படம் முதன்முதலில் வாய் திறந்து பேசியதே எங்கள் பக்கத்தில்தான்.

நீங்கள் படிக்கவோ வேலைக்கோ சமீபத்தில் சென்னை வந்தவராக இருக்கலாம். வட சென்னை என்றாலே சினிமாவில் கத்தியைத்தான் காட்டுகிறார்கள், அதைப் பார்த்துக் கேட்டிருப்பீர்கள். உங்கள் மேல் கோபமில்லை. ஆனால் அந்த "விசில், சண்டை தவிர" சுருக்கென்று தைத்தது.

1931 அக்டோபர் 31. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வெளியான நாள். வெளியான இடம் தங்கசாலைத் தெருவில் இருந்த கினிமா சென்ட்ரல், பிற்பாடு முருகன் தியேட்டர் என்று பெயர் மாறியது அதுதான். பம்பாயில் எடுத்த படம். கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பேசுவார். அதே தங்கசாலையில்தான் சினிமா முன்னோடி ரகுபதி வெங்கையா கட்டிய கிரவுன் தியேட்டரும் இருந்தது. மவுண்ட் ரோட்டில் 1914-லேயே கெயிட்டி தியேட்டர் வந்துவிட்டதே என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். அதைக் கட்டியவரும் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் அது ஊமைப்படக் காலம். நான் சொல்வது பேசும் படத்தை.

சரி, இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். கிடைக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

என் நைனா, அதாவது அப்பா, தியேட்டரில் படம் ஓட்டும் ஆப்பரேட்டர். எந்தத் தியேட்டர் என்று சொல்லவில்லை, காரணம் கீழே வரும். அப்போதெல்லாம் ஒரே பொட்டியை, அதாவது ஒரு படத்தின் ரீல்கள் அடங்கிய பெட்டியை, இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டு ஓட்டுவது உண்டு. ஒரு படம் என்றால் பதினாலு, பதினைந்து ரீல். அங்கே ஓடி முடிந்த ரீல்களைப் பையன் சைக்கிளில் கட்டிக்கொண்டு இங்கே வருவான். நடுவில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட். அந்த கேட்டில் நின்றவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

ஒரு பொங்கல் சமயம், நைனாவுக்கு இரவுச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கேபினுக்குப் போயிருந்தேன். இடைவேளை முடிந்தும் அடுத்த ரீல் வரவில்லை, கூட்ஸ் வண்டி கேட்டில் நின்றுவிட்டது. நைனா விளம்பர ஸ்லைடுகளைத் திரும்பத் திரும்பப் போட்டார், அதுவும் தீர்ந்துபோனது. கீழே ஹவுஸ்ஃபுல். நாற்காலியை உடைப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? தரை டிக்கெட்டிலிருந்து ஒருவர் எழுந்து பாட ஆரம்பித்தார். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பாட்டு. கடைசியில் பால்கனியும் சேர்ந்துகொண்டது. வண்டி நகர்ந்ததும், கேட்டில் காத்திருந்த மீன்பாடி வண்டிக்காரர் (சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி) ஒருவர் பையனையும் பொட்டியையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. நைனா ரீலைக் கையாலேயே சுற்றித் திருப்பி, மெஷினில் மாட்டி, திரைக்கு வெளிச்சம் தரும் கார்பன் குச்சிகளைப் பற்ற வைத்தபோது கீழே எழுந்த சத்தத்தை நான் எந்த மல்டிபிளெக்ஸிலும் கேட்டதில்லை. ஆமாம், விசிலும் இருந்தது. அது நைனாவுக்காக அடித்த விசில்.

அந்த கார்பன் புகையை அவர் முப்பது வருஷத்துக்கு மேல் சுவாசித்தார். வெளிச்சம் ஒரே சீராக இருக்க, எரிந்து தேயும் இரண்டு குச்சிகளுக்கும் நடுவே இடைவெளி மாறாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஜிட்டல் வந்ததும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றார்கள். பிஎஃப் கட்டியிருக்கவில்லை, கணக்கு முடித்துப் பணமும் தரவில்லை. முதலாளிகளுக்கும் நஷ்டம்தான் என்று வாதாட வருவீர்கள். வரி, கரண்ட் பில், காலியான இருக்கைகள் எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த இடம் விற்ற விலைக்கு, வேலை பார்த்தவர்களுக்கு ஏதாவது கொடுத்திருக்கலாம்.

தண்டையார்பேட்டை அகஸ்தியாவை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1967-இல் திறந்தது, ஆயிரம் பேர் உட்காரலாம். 2020 கொரோனாவில் மூடியதோடு சரி. அந்தச் செய்தி வந்தபோது தென் சென்னை நண்பர்கள் பலர் உருகி உருகிப் பதிவு போட்டார்கள். அதே நண்பர்கள் என் வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "அவ்வளவு தூரமா?" என்கிறார்கள். வாடகைக் கார்க்காரர்கள் தண்டையார்பேட்டை என்றதும் புக்கிங்கை ரத்து செய்கிறார்கள். பிரசவ வலியோடு என் தங்கை வாசலில் நின்றபோதும் இதுவேதான் நடந்தது. கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உண்மையிலேயே வரலாறு தேடுகிறவராக இருந்தால், பழைய வண்ணாரப்பேட்டையில் வயதான ஆப்பரேட்டர்கள், டிக்கெட் கிழித்தவர்கள், போஸ்டர் ஒட்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இவர்களிடம் யாரும் எதையும் கேட்டு எழுதி வைக்கவில்லை. எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், நைனாவிடம் கூட்டிப்போகிறேன். காலையில் வாருங்கள், மாலையில் அவருக்கு இருமல் அதிகம்.