முதுகு இல்லாத கேமரா

*வாசகர் கடிதம்*

ஐயா,

வணக்கம். நான் கோவை சரவணம்பட்டியில் இருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாகத் திருமணப் படங்கள் எடுத்து வருகிறேன். வீடுகளைப் படமெடுத்துப் பிழைத்த காலத்தைப் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதிய குறிப்பைப் படித்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆடியிலும் மார்கழியிலும் எங்களுக்கு வேலை இருக்காது. நண்பர் ஒருவர் மூலம் ஒரு பில்டர் அறிமுகமானார். அவருடைய அடுக்குமாடியின் முதல் பிளாக்கை 360 டிகிரி கேமராவில் எடுத்து, கைபேசியிலேயே உள்ளே நடந்து பார்க்கும்படி செய்து கொடுத்தேன். பணம் இன்னும் வரவில்லை, வந்துவிடும் என்கிறார். இப்போது இரண்டாவது பிளாக். அங்கே மூன்றாம் மாடி பால்கனிக்கு நேர் எதிரே உயரழுத்த மின்கம்பி போகிறது. அதை அழித்துக் கொடுக்கச் சொல்கிறார். "கல்யாணப் படத்தில் பெண்ணின் முகப்பருவை அழிக்கிறீர்கள் அல்லவா, அதைப் போலத்தானே?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

இந்தத் தொழிலை நம்பி இறங்கலாமா? கம்பியை அழிக்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

*பதில்*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பில்டர் கெட்டிக்காரர். அந்த முகப்பரு உவமைக்குப் பதில் தேடி எனக்கும் அரை நாள் போயிற்று. முகப்பரு பத்து நாளில் தானாகப் போய்விடும். மின்கம்பி போகாது. எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான். ஒன்பது ஆண்டுகள் இதை வைத்தே தொழிலை ஓட்டினேன். குளியலறை வாளி, வாசலில் கிடக்கும் செருப்பு, கொடியில் தொங்கும் லுங்கி ஆகியவற்றைக் கையால் எடுத்து அப்புறம் வைக்கலாம்; வைக்க மறந்திருந்தால் படத்திலும் எடுத்துவிடலாம். சாவியை வாங்கிக்கொண்டு குடிவருகிறவனுக்கு முன்னால் எது நின்றுகொண்டிருக்குமோ, அதில் கைவைக்கக் கூடாது.

இதை நான் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வரவில்லை. காளப்பட்டிப் பக்கம் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றை எடுத்தேன். இரண்டாவது படுக்கையறை பத்துக்குப் பத்து. 16 மி.மீ. அகலக்கோண லென்ஸை மாட்டி, கதவு மூலையில் முதுகு சுவரில் உரசும்படி நின்று எடுத்தேன். முழுச்சட்டக கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் பக்கவாட்டில் ஏறக்குறைய 74 டிகிரி பார்க்கும், 16 மி.மீ. லென்ஸ் 97 டிகிரி பார்க்கும். அருகில் இருப்பது பெருத்து, எதிர்ச்சுவர் எங்கோ தள்ளிப் போய்விடும். அந்தப் படத்தில் அறை கல்யாண மண்டபத்து மணமகள் அறையைப் போல இருந்தது. பில்டருக்குப் பரம சந்தோஷம்.

நான்கு மாதம் கழித்து, மொட்டை மாடியை எடுக்க அதே இடத்துக்குப் போயிருந்தேன். துபாயிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர், படத்தை மட்டும் பார்த்து முன்பணம் கட்டியவர், தச்சரைக் கூட்டிக்கொண்டு அந்த அறைக்குள் நின்றிருந்தார். கையில் அளவு நாடா. தச்சர் அலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததால், வாசலில் போன என்னைக் கூப்பிட்டு, "தம்பி, இதைக் கொஞ்சம் பிடியுங்கள்" என்றார். ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். கட்டில், அலமாரி, மகனுடைய படிப்பு மேசை. மூன்றையும் அவர் தாளில் வரைந்து வைத்திருந்தார். அலமாரிக் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும். நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "படத்தில் இருந்தது வேறு ரூமா?" என்று தச்சரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. படம் எடுத்தவன் நான்தான் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கவனித்தீர்களா, அந்தப் படத்தில் எதையும் நான் அழிக்கவில்லை. கணினியில் ஒரு கோடுகூடத் தொடவில்லை. காலை எங்கே ஊன்றினேன், எந்த லென்ஸை மாட்டினேன் என்பதிலேயே வேலை முடிந்துவிட்டது. சாதாரண கேமராவில் பொய் சொல்ல மென்பொருள் தேவையில்லை. கொஞ்சம் திரும்பி நின்றால் போதும். எதிரே சாக்கடை என்றால் அதற்கு முதுகைக் காட்டி நிற்கலாம். பால்கனிக்கு வெளியே கம்பி என்றால், ஜன்னல் வெளுத்துப் போகும் அளவுக்கு வெளிச்சத்தை ஏற்றிவிடலாம். பார்க்கிறவர் நல்ல வெளிச்சமான வீடு என்று நினைத்துக்கொள்வார். இதையும் நான் செய்திருக்கிறேன்.

360 கேமராவுக்கு முதுகு கிடையாது, சுற்றியிருக்கும் எல்லாமே அதில் விழும். உங்கள் பில்டர் இப்போது அழிக்கச் சொல்வதற்குக் காரணமே அதுதான். பழைய கேமராவோடு போயிருந்தால், அவர் வாய் திறப்பதற்கு முன்பே நீங்கள் கம்பி விழாத கோணத்தில் நின்றிருப்பீர்கள், கேள்வியே எழுந்திருக்காது. ஆகவே, முன்பெல்லாம் நேர்மையாக இருந்தோம், இந்தத் தொழிலில்தான் சோதனை வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சுற்றிவரக் காட்டும் ஆசை பழையதுதான். ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்டமாக ஒரு கட்டடம் எழுப்பினார். காசு கொடுத்து உள்ளே போனால் நடுவில் ஒரு மேடை. ஏறி நின்றால் சுற்றிலும் ஓவியம். ஓவியத்தின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் கண்ணில் படாமல் மறைப்பதுதான் அவருடைய பெரிய கவலை. நமக்கும் அதே கவலை இன்னும் தீரவில்லை. படத்தைக் கீழே இழுத்துப் பார்த்தால் டிரைபாடின் மூன்று கால்கள். அதன்மேல் பில்டரின் சின்னத்தை வட்டமாக ஒட்டுகிறோம்.

நாம் ஒளிந்துகொள்வது அடுத்த தொல்லை. வடவள்ளியில் ஒரு பழைய வீட்டை எடுக்கப் போனேன். மகள் சிங்கப்பூரிலிருந்து விற்க ஏற்பாடு செய்திருந்தார். நான் கேமராவைக் கூடத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, சமையலறைக்குள் புகுந்து கைபேசியில் பொத்தானை அழுத்துவேன். ஒவ்வொரு முறையும் படத்தில் யாரோ இருப்பார்கள். பீரோ கண்ணாடியில் என் முழங்கை. அடுத்த படத்தில், ஒளிந்திருந்த என்னைத் தேடிவந்து காபியை நீட்டிக்கொண்டிருக்கும் பாட்டி. மூன்றாவது முறை, "நான் எங்கே நிற்கட்டும்?" என்று கேட்டுக்கொண்டே கேமராவைச் சுற்றி வந்தார். கடைசியில் இருவரும் குளியலறைக்குள் நின்று கதவைச் சாத்திக்கொண்டோம். எட்டு இடங்களில் எடுக்க வேண்டிய வீடு. இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

அந்த வீட்டில்தான் ஒரு தவறும் செய்தேன். குளிர்சாதனப் பெட்டியின் மேல் காந்தம் வைத்து ஒட்டியிருந்த எரிவாயு ரசீதில் பெயரும் தொலைபேசி எண்ணும் தெளிவாக விழுந்திருந்தன. இணையத்தில் ஏறி மூன்று நாள் ஆன பிறகு, யார் யாரோ அழைக்கிறார்கள் என்று மகள் சொன்னார். அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் பத்து நிமிடம் கேமராவை வெளியே எடுக்க மாட்டேன். சுவர்களை மட்டும் படித்துக்கொண்டே நடப்பேன். காலண்டரில் குறித்துவைத்த எண், ஆணியில் தொங்கும் பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை, சாவிக் கொத்து, மருந்துச் சீட்டு. திருமண வீட்டில் நீங்கள் மனிதர்களைப் பார்க்கப் பழகியிருக்கிறீர்கள். இங்கே சுவரைப் பார்க்கப் பழக வேண்டும்.

இனி முதல் கேள்வி. இறங்கலாம், ஆனால் திருமணத்தை விட்டுவிட்டு இறங்காதீர்கள். ஆடிக்கும் மார்கழிக்கும் பொருத்தமான வேலைதான். ஆடிக்கு இன்னொரு சௌகரியமும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடியிருக்கும் அந்த நாட்களில், ஜன்னலுக்கு வெளியே இருப்பதும் அறைக்குள் இருப்பதும் வெளிச்சத்தில் அவ்வளவாக முரண்டு பிடிப்பதில்லை. சித்திரையில் அதே ஜன்னலை மூன்று வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேண்டியிருக்கும். சேர்ப்பது தப்பில்லை, நம் கண்ணும் அப்படித்தான் பார்க்கிறது. சிலர் அதை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, வீட்டையே பிளாஸ்டிக் பொம்மையாக்கிவிடுகிறார்கள். விளக்குகளை எல்லாம் போட்டு எடுப்பதும் எனக்குப் பிடிக்காது. கூடத்தில் வெள்ளைக் குழல்விளக்கு, உள்ளறையில் மஞ்சள் பல்பு, ஜன்னலில் நீலம். ஒரே சுவர் மூன்று நிறத்தில் தெரியும்.

சுற்றுப் படத்துக்கு இப்போது கையளவு கேமராக்கள் இருக்கின்றன. ரிகோ தீட்டா 2013இலேயே வந்துவிட்டது. ஒரே அழுத்தில் முழு வட்டமும் விழும். விலை உயர்ந்த வீடுகளுக்கு நான் டிரைபாடில், மிக அகலமாகப் பார்க்கும் மீன்கண் லென்ஸை வைத்துச் சுழற்றி நான்கு பக்கமும் எடுத்து ஒட்டுவேன். ஒட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலையைத் திருப்பிப் பாருங்கள். விரல் பின்சுவரின் மேல் நகரும். கழுத்தை அச்சாக வைத்துத் திருப்புவதால் கண் இடம் மாறுகிறது. அதனால் வரும் நகர்வு அது. கேமராவும் லென்ஸுக்குள் இருக்கும் சரியான புள்ளியை அச்சாக வைத்துச் சுழலாவிட்டால், கதவு நிலை இரண்டாக உடைந்து நிற்கும். அந்தப் புள்ளியை ஒருமுறை கண்டுபிடித்துத் தாங்கியில் பேனாவால் கோடு போட்டுவிட்டால் ஆயுளுக்கும் போதும்.

சுற்றுப் படமும் அறையைப் பெரிதாகத்தான் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள். ஒவ்வொரு அறையிலும் சுவருக்குச் சுவர் அளந்து அந்த எண்ணைப் படத்திலேயே போட்டுவிடுவேன். காளப்பட்டிக்குப் பிறகு வந்த பழக்கம் அது. சில பில்டர்கள் முகம் சுளித்தார்கள். வெளிநாட்டிலிருந்து பார்க்கிறவர்கள் அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள் என்று தெரிந்த பிறகு அவர்களே கேட்டு வாங்கினார்கள்.

பண விஷயத்தில் திருமணத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. தாலி கட்டுவதற்கு முன்பே பாதிப் பணம் உங்கள் கைக்கு வந்துவிடும். பில்டரின் பணம் கணக்குப்பிள்ளை, கையெழுத்து, அடுத்த திங்கள்கிழமை என்று நடந்து வரும். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனச் சட்டப்படி, எவ்வளவு தவணை பேசியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் இழுக்க முடியாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் கூட்டு வட்டி. நான் வழக்கெல்லாம் போட்டதில்லை. ரசீதின் அடியில் இந்த ஒரு வரியை அச்சிட்டதற்கே பலன் இருந்தது.

இன்னொன்றையும் எழுத்தில் வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் சொல்லி எடுக்கும் புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. உங்கள் படத்தை நீங்களே அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட அனுமதி வேண்டியிருக்கும். ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கினால் முடிந்தது.

மூலப் படங்களை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சுற்றுப் படங்களெல்லாம் யாரோ ஒருவருடைய தளத்தில் மாத வாடகைக்குக் குடியிருப்பவை. சுற்றுப் படங்களைக் கோத்துக் காட்ட கூகுள் இலவசமாகக் கொடுத்த டூர் கிரியேட்டர் 2021இல் மூடப்பட்டது. தனியாக இருந்த ஸ்ட்ரீட் வியூ செயலியும் 2023இல் போய்விட்டது. ட்ரோன் பற்றி நீங்கள் கேட்கவில்லை, பில்டர் கேட்பார். பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம். ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் பறக்கவிடாதீர்கள்.

கம்பிக்கு வருகிறேன். பில்டரிடம் நியாயம் பேச வேண்டாம், சட்டம் பேசுங்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்தில், நாம் ரெரா என்று சொல்வதில், 12ஆம் பிரிவு இருக்கிறது. விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு, வீட்டை விற்கும் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். அவர் விலக நினைத்தால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்ப வேண்டும். நீங்கள் அழிக்கப்போகும் கம்பி உங்கள் தலையில் விழுவதற்கு முன்னால் அவர் தலையில்தான் விழும். இதை அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். கெட்டிக்காரர் என்பதால் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது. காலி அறையில் கணினியில் சோபா போட்டுக் காட்டச் சொன்னால் போட்டுக் கொடுங்கள், அது கணினியில் போட்டது என்று படத்தின் மேலேயே எழுதி.

பில்டர் உங்கள் பேச்சைக் கேட்காமலும் போகலாம். சிங்காநல்லூர் ஃபிளாட் ஒன்றின் பால்கனியில், ஊரின் மறுகோடியில் இருக்கும் மருதமலைக் கோபுரம் தெரிந்த விளம்பரத்தை நானே பார்த்திருக்கிறேன். அதை ஒட்டிக் கொடுத்தவரும் நம் ஊரில்தான் இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். உங்கள் பில்டரும் அப்படி ஒருவரைத் தேடிக்கொண்டு போவார். போகட்டும். போவதற்குள் முதல் பிளாக்கின் பாக்கியை வாங்கிவிடுங்கள்.