ஆர்வி பவர் இன்லெட்: எரிவது ஏன், மாற்றுவது எப்படி? – கேள்வி பதில்

அமெரிக்கா, கனடா பக்கம் ஓடும் ஆர்விகள், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் டிரெய்லர், மோட்டார்ஹோம் பற்றிய கேள்விகள் இவை. ஒன்றே ஒன்று இங்கிலாந்திலிருந்து. வெளிக் கம்பத்திலிருந்து (பெடஸ்டல்) வரும் கேபிளை வண்டியின் பக்கச் சுவரில் செருகும் இடத்தைத்தான் இன்லெட் என்கிறோம்.

கேள்வி (ஆஸ்டின்): அண்ணா, 30 ஆம்ப் டிரெய்லர். வண்டிப் பக்கம் செருகுற கனெக்டர்ல ஒரு துளை பழுப்பாகி லேசா உருகியிருக்கு. ஆனா பிரேக்கர் ஒரு தடவைகூட விழலை. 30 ஆம்ப் தாண்டாம எப்படி எரியும்?

பதில்: பிரேக்கருக்குத் தெரிவது தன் வழியாக ஓடும் ஆம்பியர் மட்டுமே. இருபது அடி தள்ளி ஒரு முள் கொதிப்பது அதற்குத் தெரியாது.

கணக்கைப் பாருங்கள். 13,500 பிடியு ஏசி ஓடும்போது 13 ஆம்ப் அளவில் இழுக்கும். வாட்டர் ஹீட்டரின் கரன்ட் எலிமென்ட் 1,440 வாட், அதாவது 12 ஆம்ப். இரண்டும் சேர்ந்தால் 25. இன்லெட் முள்ளுக்கும் கனெக்டருக்கும் நடுவே 0.05 ஓம் தடை ஏறியிருந்தால், 25 × 25 × 0.05 = 31 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. பிளாஸ்டிக் கூட்டுக்குள் மூடி வைத்து மத்தியானம் முழுக்க ஓட விடுகிறீர்கள். சூடு ஏற ஏற கனெக்டருக்குள் இருக்கும் ஸ்பிரிங் தகடு விறைப்பை இழக்கிறது. பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு இன்னும் கூடும். ஒருமுறை பழுப்பேறிய கனெக்டர் தானாகச் சரியாகாது.

தொடக்கம் பெரும்பாலும் அற்பமானது. எல்5-30 வகை டிவிஸ்ட்-லாக்கை (செருகித் திருப்பிப் பூட்டும் 30 ஆம்ப் கனெக்டர்) முழுதாகத் திருப்பாமல் விடுவது, வெளி வளையத்தை முடுக்காமல் விடுவது, கேபிளின் எடை முழுவதும் கனெக்டரிலேயே தொங்குவது, ரோட்டு அதிர்வில் பின்பக்கத் திருகு தளர்வது. இன்னொன்றும் உண்டு: கம்பத்துப் பிரேக்கரை அணைக்காமல், ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே பிடுங்குவது. அந்தத் தீப்பொறி ஒவ்வொரு முறையும் முள்ளில் சிறு குழி போடும்.

இப்போது இன்லெட், கனெக்டர் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கருகிய முள்ளில் புதுக் கனெக்டரைச் செருகினால் அதுவும் சீக்கிரமே கருகும். கேபிளை வெட்டும்போது செம்பு பளிச்சென்று தெரியும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த செம்பில் எவ்வளவு நல்ல டெர்மினலைப் போட்டாலும் வீண்.

கேள்வி (சியாட்டில்): மாத்துறதுன்னு ஆயிடுச்சு. அதே டிவிஸ்ட்-லாக்கா, ஸ்மார்ட்பிளக்கா?

பதில்: ஸ்மார்ட்பிளக் படகுகளுக்காக வந்த வடிவம். திருப்ப வேண்டாம், நேராகச் செருகினால் போதும். முட்கள் தடிமனானவை, தொடும் பரப்பு பெரியது. இரண்டு பக்கமும் கிளிப் பிடிக்கும், உள்ளே ரப்பர் சீல் உண்டு. ஆகவே கேபிள் எடை முட்களில் இறங்காது, பாதி செருகிய நிலையும் வராது. முன்பே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவை இதில் எழுவதே இல்லை. பழைய டிவிஸ்ட்-லாக் இருந்த அதே துளைகளில் உட்காரும்படி செய்திருப்பதால் சுவரைப் புதிதாக வெட்டுவதும் அரிது.

குறையும் உண்டு. விலை சில மடங்கு. கேபிளின் வண்டிப் பக்க முனையையும் அதே வகைக்கு மாற்றியாக வேண்டும். வழியில் கேபிள் போய்விட்டால் பக்கத்து வண்டிக்காரரிடம் இரவல் வாங்க முடியாது. வருடம் முழுக்க வண்டியிலேயே வாழ்பவர், வெயில் ஊரில் ஏசியை நம்பி இருப்பவர் இதை வாங்கலாம். வார இறுதிக்கு மட்டும் போகிறவருக்கு நல்ல கம்பெனி டிவிஸ்ட்-லாக் தாராளமாகப் போதும், ஒழுங்காக முடுக்கினால். எதை வாங்கினாலும் யுஎல் அல்லது இடிஎல் என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரை இருக்கிறதா பாருங்கள். முத்திரை இல்லாத மலிவுச் சரக்கில் பித்தளைத் தகடு மெலிசாக இருக்கும்.

கேள்வி (டொராண்டோ): சார், பழைய டிரெய்லர். சுவரில் ஒரு சின்னக் கதவு, அதற்குள்ளிருந்து 30 ஆம்ப் கேபிளை இழுத்து வெளியே எடுக்க வேண்டும். திரும்பத் திணிப்பதே பெரும்பாடு. கழற்றக்கூடிய கேபிளாக மாற்ற முடியுமா?

பதில்: முடியும். அரை நாள் வேலை.

முதலில் கரன்டை நிறுத்துவது. கம்பத்திலிருந்து கேபிளைக் கழற்றுங்கள், ஜெனரேட்டரை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் அணையுங்கள். பலர் மறப்பது இதைத்தான். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக 120 வோல்ட் பேனலுக்குள் (வண்டியின் பிரேக்கர் பெட்டி) வந்துகொண்டே இருக்கலாம். மல்டிமீட்டரில் சுழி பார்த்த பிறகே ஸ்க்ரூடிரைவரைத் தொடுங்கள்.

அடுத்து, கேபிள் உள்ளே எங்கே போகிறது என்று தொடருங்கள். நேராகப் பேனலின் மெயின் பிரேக்கருக்குப் போகலாம், இல்லை கதவுக்குப் பின்னால் ஒரு ஜங்ஷன் பாக்ஸில் முடியலாம். பாக்ஸ் இருந்தால் வேலை சுலபம்: பாக்ஸிலிருந்து இன்லெட் வரை 10 கேஜ் செம்புக் கேபிள், இரண்டு வயரும் எர்த்தும். கேஜ் எண் கூடினால் வயர் மெலிசு; 12 கேஜ் கையில் இருக்கிறதே என்று அதைப் போடாதீர்கள். அது 20 ஆம்புக்கானது. வெட்டி எடுத்த பழைய கேபிளின் உறை வெடிக்காமல் இருந்தால் வெளிக் கேபிளாக வைத்துக்கொள்ளலாம். கம்பத்துப் பக்க டிடி-30 முனை (ஆர்விக்கான 30 ஆம்ப், மூன்று முள் பிளக்) அப்படியே இருக்கட்டும், மறு முனையில் புதுக் கனெக்டர்.

கதவின் துளை இன்லெட்டைவிடப் பெரியதாக இருக்கும். கால் அங்குல எச்டிபிஇ பிளாஸ்டிக் பலகையோ அலுமினியத் தகடோ வெட்டி மூடி, அதில் இன்லெட் துளை போடுங்கள். அளவுக்கு, பெட்டியோடு வரும் காகித அச்சை ஒட்டி வெட்டுவதே பத்திரம். சுவர் மெல்லிய பிளைவுட்டும் ஃபோமுமாக இருந்தால் திருகு நிற்காது. உள்பக்கம் முக்கால் அங்குல பிளைவுட் துண்டு ஒன்று கொடுத்து, அதில் துருப்பிடிக்காத திருகு இறக்குங்கள்.

வயர் மாட்டும் முறை: பின்மூடியையும் கேபிள் கிளாம்பையும் முதலில் கேபிளில் கோர்த்துவிடுங்கள். எல்லாம் முடுக்கிய பிறகு மூடி மேசைமேல் கிடப்பதைப் பார்த்து மறுபடி கழற்றுவது இந்த வேலையின் சடங்கு மாதிரி. கறுப்பு பித்தளை நிறத் திருகுக்கு, வெள்ளை வெள்ளி நிறத் திருகுக்கு, பச்சை பச்சைக்கு. பல இழை வயரின் நுனியில் ஈயம் பற்ற வைக்காதீர்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல நகர்ந்துகொடுக்கும், சில மாதத்தில் திருகு தளர்ந்திருக்கும். ஓர் இழைகூட வெளியே நீட்டக் கூடாது. எவ்வளவு முடுக்க வேண்டும் என்பது கையேட்டில் அங்குல-பவுண்டில் இருக்கும். டார்க் ஸ்க்ரூடிரைவர் வாடகைக்குக் கிடைத்தால் எடுங்கள். முடுக்கியபின் ஒவ்வொரு வயரையும் பலமாக இழுத்துப் பாருங்கள்.

இன்லெட் விளிம்புக்குப் பின்னால் பியூட்டில் டேப் (நீர் புகாமல் அடைக்கும் பசை நாடா) ஒட்டுங்கள். வெளியே சீலன்ட் பூசும்போது மேல் பக்கமும் இரு ஓரமும் போதும். அடி விளிம்பைத் திறந்து விட்டால் எப்படியாவது உள்ளே வந்த நீர் வடிந்துவிடும்.

கரன்ட் கொடுக்கும் முன், பேனலின் எல்லாப் பிரேக்கரையும் அணைத்துவிட்டு இன்லெட் முட்களில் மீட்டர் வையுங்கள். லைன்-நியூட்ரல், லைன்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றிலும் தொடர்பு இருக்கக் கூடாது. பிறகு கம்பத்தில் மாட்டி, ஏசியும் ஹீட்டரும் ஒரு மணி நேரம் ஓடட்டும். கனெக்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம். கை வைக்க முடியவில்லை என்றால் எங்கோ திருகு சரியில்லை.

கேள்வி (ஃபீனிக்ஸ்): 30 ஆம்ப் இன்லெட்டை எடுத்துவிட்டு 50 ஆம்ப் போட்டால் இரண்டாவது ஏசி ஓட்டலாமா?

பதில்: இன்லெட்டை மட்டும் மாற்றினால் ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. 30 ஆம்ப் என்பது 120 வோல்ட்டில் ஒரே லைன்: 3,600 வாட். 50 ஆம்ப் என்பது நான்கு வயர், இரண்டு லைன், ஒவ்வொன்றும் 50: மொத்தம் 12,000 வாட். பின்னால் பழைய 10 கேஜ் வயரும் 30 ஆம்ப் பேனலும் இருக்க, முன்னால் 50 ஆம்ப் வாய் வைத்தால், கம்பத்தில் 50 ஆம்ப் பிரேக்கர் விழும் முன் அந்த வயர் பழுத்துவிடும்.

முறையாகச் செய்ய வேண்டுமென்றால் 6 கேஜ் கேபிள், இரட்டைத் துருவ 50 ஆம்ப் மெயின் பிரேக்கர் உள்ள பேனல், ஜெனரேட்டர் இருந்தால் 50 ஆம்ப் டிரான்ஸ்ஃபர் ஸ்விட்ச் (கம்பமா ஜெனரேட்டரா என்று மாற்றிவிடுவது), வண்டிப் பக்கம் எஸ்எஸ்2-50 வகை 50 ஆம்ப் இன்லெட், கம்பத்துப் பக்கம் நெமா 14-50 வகை முனை உள்ள கேபிள், எல்லாமே வேண்டும். சுமைகளை இரு லைனிலும் பிரித்துப் போட வேண்டும். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். அதற்கு முன் மலிவான வழி: ஏசி தொடங்கும்போது இழுக்கும் கரன்டைக் குறைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட் கருவி, வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றுவது. ஏசி தொடங்கும் நொடியில் பிரேக்கர் விழுவதுதான் தொல்லை என்றால் இதிலேயே தீரும். இரண்டு ஏசியும் சேர்ந்து ஓடும்போது மைக்ரோவேவுக்கு இடமிருக்காது, அவ்வளவுதான்.

கேள்வி (சான் ஹோசே): 50 ஆம்ப் ஃபிஃப்த் வீல் (பிக்கப் டிரக்கின் முதுகில் மாட்டி இழுக்குற டிரெய்லர்). கேபிளை ஆட்டினால் பாதி லைட் பிரகாசமா எரியுது, பாதி மங்குது. என்ன அண்ணா இது?

பதில்: உடனே கம்பத்துப் பிரேக்கரை அணையுங்கள், மற்றதைப் பிறகு படிக்கலாம். நியூட்ரல் விட்டுவிட்டு வருகிறது. இரண்டு லைனுக்கும் நடுவே 240 வோல்ட். அதைச் சரிபாதியாகப் பிரித்து நிறுத்துவது வெள்ளை வயர். அது அறுந்தால் சுமைக்கு ஏற்ப ஒரு பக்கம் 90, மறு பக்கம் 150 என்று போகும். டிவி, மைக்ரோவேவ் போர்டு, கன்வெர்ட்டர் எல்லாம் நிமிடத்தில் போய்விடும். இன்லெட்டின் வெள்ளி நிறத் திருகு, கேபிளின் இரு முனை, பேனலின் நியூட்ரல் பார் என்று வரிசையாகப் பாருங்கள். கருகிய முள் அங்கேதான் இருக்கும். நியூட்ரல் விட்டால் தானே துண்டிக்கும் இஎம்எஸ் வகை பாதுகாப்புக் கருவி வாங்குங்கள். வெறும் சர்ஜ் புரொடெக்டர் இதற்கு உதவாது.

கேள்வி (அட்லாண்டா): பேனலில் வெள்ளைக்கும் பச்சைக்கும் தொடர்பே இல்லை. வீட்டு மெயின் பேனலில் இணைத்திருக்கிறார்களே, இதிலும் இணைக்கட்டுமா?

பதில்: கூடாது. இணைப்பு மின்சாரம் தரும் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும். வண்டிக்குள் இணைத்தால் நியூட்ரல் கரன்டின் ஒரு பங்கு எர்த் வயரிலும் வண்டியின் உலோகச் சட்டத்திலும் ஓடும். கம்பத்தில் நியூட்ரல் விட்டால் படிக்கட்டில் கால் வைப்பவருக்கு ஷாக் அடிக்கலாம்.

கேள்வி (டல்லாஸ்): வீட்டு கராஜில் ஆர்விக்கு 30 ஆம்ப் பிளக் பாயின்ட் போட எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கிறேன். ஏதாவது கவனிக்கணுமா?

பதில்: ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது. "டிடி-30, 120 வோல்ட், ஒற்றைத் துருவ பிரேக்கர்" என்று எழுதிக் கொடுங்கள். 30 ஆம்ப், மூன்று முள் என்றதும் துணி உலர்த்தி பாயின்ட் என்று நினைத்து 240 வோல்ட் கொடுத்துவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. வண்டியைச் செருகும் முன் மீட்டரில் பாருங்கள்: லைன்-நியூட்ரல் 120, லைன்-எர்த் 120, நியூட்ரல்-எர்த் ஏறக்குறைய சுழி.

கேள்வி (ஹூஸ்டன்): கம்பம் தூரம். எக்ஸ்டென்ஷன் போட்டால் இன்லெட் சூடாகுமா?

பதில்: 10 கேஜ் கேபிள் மொத்தம் 55 அடி என்றால், 25 ஆம்பில் 3 வோல்ட் அளவில் இறங்கும். அது பரவாயில்லை. ஆனால் கோடை மத்தியானம் கம்பத்திலேயே 108 இருந்தால் வண்டிக்கு 105தான் வரும், இஎம்எஸ் கருவிகள் பலவும் 104க்குக் கீழே துண்டித்துவிடும். தோட்டத்து 16 கேஜ் ஆரஞ்சு வயரில் ஏசி ஓட்டவே வேண்டாம். எக்ஸ்டென்ஷன் இணையும் இடமும் இன்னொரு முள்-துளை ஜோடிதான், ஆகவே அதையும் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி (லெஸ்டர், இங்கிலாந்து): எங்கள் கேரவனில் நீல நிற 16 ஆம்ப் இன்லெட். இதெல்லாம் பொருந்துமா?

பதில்: 230 வோல்ட் என்பதால் அதே வாட்டுக்கு ஆம்ப் பாதிதான், சூடும் குறைவு. இருந்தாலும் முள் பச்சை பூத்தால் மாற்றுங்கள். 2.5 சதுர மிமீ கேபிள், 25 மீட்டருக்குள். சுருட்டி வைத்தபடி ஓட்டாதீர்கள், முழுதாக விரித்துவிடுங்கள். ஐரோப்பிய முகாம்களில் லைனும் நியூட்ரலும் இடம் மாறி வருவதுண்டு, ஒரு சாக்கெட் டெஸ்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆஸ்டின்): மறுபடி நான்தான் அண்ணா. முள்ளில் கிரீஸ் தடவலாமா?

பதில்: கான்டாக்ட் கிளீனரால் துடைத்துவிட்டு டைஎலக்ட்ரிக் கிரீஸ் மெல்லிய படலமாக. அள்ளிப் பூசினால் மணலைப் பிடித்துவைக்கும். கருகிய முள்ளுக்கு கிரீஸ் மருந்து இல்லை.