தாத்தா எட்டு மணிக்கே தூங்குகிறார், பேரன் நடுராத்திரி வரை விழித்திருக்கிறான். யார் பழக்கம் தப்பு?

பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம் என்று எழுதியிருந்தீர்கள். இருவர் மேலும் தப்பில்லைங்க.

இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கத்துக்கு வழிவிடும். பருவ வயதில் இந்தச் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் பையன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டுதான் கிடப்பான். செல்போன் வெளிச்சம் அதை இன்னும் தள்ளும், அதுவும் உண்மை. ஆனால் அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஏழு மணிக்கே பள்ளி வேன் வந்து நின்றால் எங்கிருந்து கிடைக்கும்? இதில் சோம்பேறி என்ற பட்டம் வேறு. அதுதான் எனக்கு வருத்தம்.

இருபது வயதுக்குப் பிறகு உடல் கடிகாரம், அதாவது தூக்கம் வரும் நேரமும் விழிப்பு வரும் நேரமும், மெல்ல முன்னால் நகரும். முதுமையில் ஆழ்ந்த தூக்கமும் குறையும். எங்கள் அப்பாரு நாலு மணிக்கே எழுந்து, கட்டுத்தரையில் சோளத்தட்டு போட்டு, பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோவார். மத்தியானம் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டில். ராத்திரித் தூக்கத்தையும் இதையும் கூட்டினால் ஏழு மணி நேரம் வந்துவிடும்.

கைக்குழந்தைக்காரர்களும், பனியன் கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்ப்பவர்களும் பாவம், அவர்கள் தூக்கத்தை வயது தீர்மானிப்பதில்லை.

மகனைத் திட்டாதீர்கள். எழுந்ததும் கொஞ்ச நேரம் வாசலில் வெளிச்சம் படும்படி நிற்கச் சொல்லுங்கள், கடிகாரம் சற்று முன்னே வரும். ஞாயிறன்று ஒரு மணி நேரம் கூடத் தூங்கினால் விட்டுவிடுங்கள்.