ஜூனியர் செய்வதைப் பார்த்தால் என் கை பரபரக்கிறது!

கேள்வி: எனக்கு 31 வயது. தனியார் மருத்துவமனை ஒன்றின் உள்நோயாளி மறுவாழ்வுப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளிகள் தாங்களே செய்யப் பழக்குபவர்) ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஐந்து மாதத்துக்கு முன் சீனியர் ஆக்கினார்கள். 22 படுக்கை, என்னோடு மூன்று ஜூனியர்கள். முன்பெல்லாம் தினமும் ஏழெட்டு நோயாளிகளுடன் நேரடியாக வேலை செய்வேன். இப்போது மீட்டிங், ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் அவசரம் என்றே பொழுது போகிறது. ஜூனியர்கள் தடுமாறுவதைப் பார்த்தால் நானே செய்துவிடலாம் என்று கை பரபரக்கிறது. வார்டு மீட்டிங்கில் எங்கள் கருத்தை யாரும் பெரிதாகக் கேட்பதும் இல்லை. பதவியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- பெயர் வேண்டாம், திருச்சி.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

இப்போதைக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள். ஐந்து மாதம் போதாது. அதோடு, இந்த வேலைக்கு என்ன வேண்டுமோ அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே தினமும் அதைத்தான் செய்துகொண்டிருந்தீர்கள்.

பக்கவாதம் வந்த மகனுக்கு அம்மா சோறு ஊட்டிக்கொண்டிருப்பார். நீங்கள் போய் என்ன சொல்வீர்கள்? "அம்மா, தட்டை அவர் முன்னால் வையுங்க. சிந்தினால் சிந்தட்டும். நீங்க பக்கத்தில் இருந்தால் போதும்." அந்த அம்மாவின் கை எப்படித் தவித்திருக்கும்! இன்று உங்கள் கையில் இருக்கும் தவிப்பும் அதேதான். அன்போடும் அக்கறையோடும் வருவது. ஆனால் அம்மா ஊட்டிக்கொண்டே இருந்தால் மகன் கை வேலை செய்யாது என்று உங்களுக்குத் தெரியும் இல்லையா?

நோயாளி அன்றாட வேலைகளை எவ்வளவு தானாகச் செய்கிறார் என்று அளக்கும் ஃபிம் ஸ்கோரில் ஒவ்வொரு செயலுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடுகிறோம். முழுக்க அடுத்தவர் செய்தால் ஒன்று, பக்கத்தில் ஆள் நின்றால் போதும் என்றால் ஐந்து, யாருமே வேண்டாம் என்றால் ஏழு. அதே ஏணியை உங்கள் ஜூனியர்களுக்கும் மனதுக்குள் வைத்துப் பாருங்கள். ஒருவர் ஸ்ப்ளின்ட் (கையைச் சரியான நிலையில் தாங்கிப் பிடிக்கும் பட்டை) செய்வதில் ஆறாக இருப்பார், குடும்பத்தாரிடம் பேசுவதில் இரண்டாக இருப்பார். இரண்டாக இருக்கும் இடத்தில் கூட உட்கார்ந்து பேசுங்கள், ஆறாக இருக்கும் இடத்தில் அந்த அறைக்கே போகாதீர்கள். சீனியர்கள் பலர் செய்யும் தவறு, எல்லா வேலைக்கும் எல்லாரையும் மூன்றாகவே நடத்துவது. நல்ல ஜூனியர்கள் அதில்தான் சோர்ந்துபோகிறார்கள்.

ஒதுங்கி நின்றதால் நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பக்கவாதத்தில் வலது கை போய்விட்டது. இடது கையால் சாப்பிடப் பழக்கினால் தட்டைத் தள்ளிவிடுவார். நானாக இருந்தால், பிடி தடித்த ஸ்பூனை வலது கையிலேயே பட்டை போட்டுக் கட்டி முயன்றிருப்பேன். ஜூனியர் பெண் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் அவரோடு பேசிக்கொண்டே இருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை, இருந்தாலும் வாயை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு இட்லித் தட்டை வைத்தாள். இடது கையாலேயே சாப்பிட்டார். பார்க்க வரும் பழைய மாணவர்கள் முன்னால் இடது கையால் சாப்பிடுவதுதான் அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அது எந்த மதிப்பீட்டுப் படிவத்திலும் வராது.

ஆனால் சில இடங்களில் ஒதுங்கவே கூடாது. ஜூனியர் ஒருவர் பக்கவாத நோயாளியை, செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கப் போனால் அந்த நொடியே தடுங்கள். தோள் ஒருமுறை கெட்டால் மாதக்கணக்கில் வலி. கழுத்துத் தண்டுவடம் ஆறாம் மட்டத்தில் அடிபட்டவருக்கு, மணிக்கட்டை மேலே தூக்கும்போது விரல்கள் தானாக மடங்கும் பிடிதான் மிச்சமிருக்கும் சொத்து. மணிக்கட்டை மேலே தூக்கிவைத்து விரல்களையும் நீட்டி நீட்டி விட்டால் அந்தச் சொத்து போய்விடும். அப்புறம், மார்புத் தண்டுவடம் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர் திடீரென்று தலை இடிக்கிறது என்று சொல்லி முகம் வியர்த்தால், பயிற்சி அதோடு நிற்க வேண்டும். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, டாக்டரைக் கூப்பிட வேண்டும். ரத்த அழுத்தம் எகிறிக்கொண்டிருக்கும். எங்கெல்லாம் குறுக்கிடுவீர்கள் என்பதை ஜூனியர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். மற்ற நேரங்களில் பயமில்லாமல் வேலை செய்வார்கள்.

சரி, வார்டு மீட்டிங். நம் தொழிலை விளக்கிச் சொல்லும் அலுப்பு எனக்கும் தெரியும். கமலா நிம்ப்கர் பம்பாயில் நாட்டின் முதல் ஆக்குபேஷனல் தெரபி பள்ளியைத் தொடங்கியது 1950-ல். இன்றும் நம் தொழிலைச் சுருக்கி ஓ.டி. என்றால் ஆபரேஷன் தியேட்டரைத்தான் நினைக்கிறார்கள், நம்மைப் பார்த்து "பிசியோ மேடம்" என்கிறார்கள். வருத்தம்தான். ஆனால் தொழிலின் பெருமையைப் பேசி மீட்டிங்கில் யார் கவனத்தையும் பெற்றதில்லை நான். வீட்டைப் பற்றிப் பேசியபோது பெற்றிருக்கிறேன். "மொத்த ஃபிம் 78" என்று சொன்னால் அடுத்த நோயாளிக்குப் போய்விடுவார்கள். "இவருக்கு ராத்திரி இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுப்பிவிட ஆள் வேண்டும். வீட்டில் இருப்பது மனைவி மட்டும், அவருக்கு முழங்கால் வலி" என்று சொல்லிப் பாருங்கள். டிஸ்சார்ஜ் தேதியைப் பற்றி டாக்டரே உங்களிடம் திரும்பிக் கேட்பார்.

வீட்டைப் பற்றிக் கேட்காமல் விட்டு நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. சீனியரான முதல் வருடம். ஒரு விவசாயி, இடது பக்கம் விழுந்திருந்தது. எங்கள் வார்டு வெஸ்டர்ன் டாய்லெட்டில் கைப்பிடியைப் பிடித்துத் தனியாக உட்கார்ந்து எழுந்தார். ஆறு மதிப்பெண் போட்டு, சந்தோஷமாக அனுப்பினோம். மூன்று வாரம் கழித்து ரிவ்யூவுக்கு டயப்பரோடு வந்தார். வீட்டில் கழிப்பறை கொல்லைப்புறத்தில். இரண்டு படி இறங்க வேண்டும், உள்ளே குந்தி உட்காரும் இந்தியன் டாய்லெட். எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவரோடு தினமும் இருந்தது ஜூனியர், கேட்க வைத்திருக்க வேண்டியவள் நான். கடைசியில் தேவைப்பட்டது என்ன? அந்தக் கழிப்பறை மேல் வைக்க ஒரு கமோடு ஸ்டூல், படியோரம் பிடித்து இறங்க ஒரு குழாய். அவ்வளவுதான். அந்த மனிதர் மூன்று வாரம் பட்ட அவமானம் அதற்கு முன்னால் ரொம்பப் பெரியது.

அதிலிருந்து, சேர்ந்த இரண்டாம் நாளுக்குள் வீட்டு ஆட்களிடம் போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதை வழக்கமாக்கினோம். வாசல், படி, படுக்கும் இடம், கழிப்பறை. கதவின் அகலத்தை டேப் வைத்து அளந்து அனுப்ப வேண்டும். வீல்சேர் போகும் சாய்தளத்துக்கு ஓர் அங்குல உயரத்துக்குப் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். ஆறு அங்குலப் படி ஒன்றுக்கே ஆறடி. பல வீடுகளின் வாசலில் அந்த ஆறடி இருக்காது. அதை டிஸ்சார்ஜ் அன்று கண்டுபிடித்து என்ன பயன்? பெரும்பாலும் கைக்காசைச் செலவழித்து வருகிறார்கள், எத்தனை நாள் தங்குவார்கள் என்பது நம் கையில் இல்லை. அதனால்தான் முதல் வாரத்திலேயே வீட்டைத் தெரிந்துகொள்ளச் சொல்கிறேன். ஜூனியர்களிடம் நீங்கள் தினமும் கேட்க வேண்டிய கேள்வியும் இது ஒன்றுதான்: "இவர் வீட்டில் இதை எங்கே, யாரோடு செய்யப்போகிறார்?"

நோயாளிகளைத் தொடாத சீனியராக மட்டும் ஆகிவிடாதீர்கள். இரண்டு பேரை உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சிக்கலானவர்களாக இருக்கட்டும். இதை மேலதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேலைப்பளுவில் கரைந்துவிடும். ஒரு வருடம் கழித்தும் மனம் ஒட்டவில்லை என்றால் தாராளமாகப் பழைய இடத்துக்குத் திரும்புங்கள், அதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

அந்த இருவரையும் காலை ஏழு மணிக்குப் பாருங்கள். மதியம் மூன்று மணிக்கு, ஏற்கெனவே உடுத்தியிருப்பவரைச் சட்டையைக் கழற்றி மாட்டச் சொல்வது வெறும் ஒத்திகை. காலையில்தான் நிஜமான பல் துலக்கல், நிஜமான குளியல், பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைக்கச் சொல்லும் நிஜமான சட்டை. ஒவ்வொரு நாளும் ஒரு ஜூனியரைக் கூட அழைத்துப் போங்கள். இரண்டாவது வாரம் அவரை உள்ளே விட்டு, நீங்கள் திரைக்கு இந்தப் பக்கம் நில்லுங்கள்.