‘தேர் இஸ் எ கவ்’வைத் தாண்டி

அன்புள்ள ஐயா,

நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 36 பிள்ளைகள். கிராமக் காட்சிப் படம் ஒன்றை மாட்டி ஐந்து வரி எழுதச் சொன்னால் எல்லா நோட்டிலும் ‘தேர் இஸ் எ ட்ரீ, தேர் இஸ் எ கவ்’தான். படம் காட்டி எழுதவைப்பதில் உண்மையிலேயே பலன் உண்டா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உண்டு. ஆனால் அந்தக் கிராமக் காட்சியை முதலில் கழற்றிவிடுங்கள். மரம், மாடு, குடிசை எல்லாம் அதில் சும்மா நிற்கின்றன. சும்மா நிற்பவற்றைப் பட்டியல்தான் போட முடியும். ஏதாவது நடக்கிற படம் வேண்டும். சந்தையில் தக்காளிக் கூடை சாய்கிறது, ஆடு ஒன்று வாயை நீட்டுகிறது, கடைக்கார அம்மா வேறு பக்கம் பார்க்கிறார். கடைசி பெஞ்சுக்கும் தெரிய, காலண்டர் அளவாவது இருக்கட்டும்.

படத்தைச் சார்ட்டின் நடுவில் ஒட்டி, சுற்றிலும் ஒரு சாண் இடம் விடுங்கள். பிள்ளைகள் சொல்லச் சொல்ல, படத்திலிருந்து கோடிழுத்து அந்தச் சொல்லை எழுதுங்கள். வகுப்பே எழுத்துக்கூட்டி உரக்கச் சொல்லட்டும். அமெரிக்காவில் எமிலி கால்ஹூன் என்ற கல்வியாளர் வகுத்த, படத்திலிருந்து சொல் எடுத்து எழுதவைக்கும் முறையின் தொடக்கம் இதுதான். தமிழில் சொன்னாலும் வாங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். 20 சொல் போதும், அதில் குறைந்தது எட்டு வினைச்சொல்லாக இருக்க வேண்டும். ‘வாட் டு யூ சீ?’ என்று கேட்டால் பெயர்ச்சொல்லாகவே குவியும், மறுபடி ‘தேர் இஸ்’தான். ஒவ்வொரு ஆளையும் தொட்டுக் காட்டி ‘வாட் இஸ் ஷி டூயிங்?’ என்று கேளுங்கள்.

அடுத்து நம்முடைய ‘இல்’. சுவரில் கடிகாரம், கூடையில் தக்காளி, சந்தையில் கூட்டம்: தமிழுக்கு மூன்றும் ஒன்று. ஆங்கிலத்தில் ஆன், இன், அட். ‘இன் தி வால்’ என்று எழுதிக் கடிகாரத்தைச் சுவருக்குள் புதைப்பது இதனால்தான். விதியை ஒப்பிப்பதைவிட, படத்தில் விரல் வைத்து ‘மேலே ஒட்டியிருக்கிறதா, உள்ளே கிடக்கிறதா?’ என்று கேட்பது சுலபம். ‘பாய் ரன்னிங்’ என்று ‘இஸ்’ காணாமல் போவதற்கும் தமிழே காரணம். ‘ஓடுகிறான்’ என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

தினம் ஒரு படம் மாற்றாதீர்கள். அதே படம் ஒரு வாரம் இருக்கட்டும். மூன்றாம் நாள், ‘வீட்டுக்குப் போய் அம்மாவிடம் இதைச் சொல்வதுபோல் எழுது’ என்றால் இறந்தகாலம் தேவைப்படும். அப்போது ‘ஃபால்’ பக்கத்தில் ‘ஃபெல்’, ‘ஈட்’ பக்கத்தில் ‘ஏட்’ என்று சிவப்பில் சேருங்கள். இல்லாவிட்டால் ‘ஃபால்டு’, ‘ஈட்டட்’ வந்து நிற்கும்.

திருத்தும்போது வாரத்துக்கு ஒரு பிழை மட்டும். இந்த வாரம் ‘இஸ்’ என்றால் ‘இஸ்’ மட்டும். ஸ்பெல்லிங்குக்குச் சார்ட் சுவரிலேயே தொங்குகிறது, பார்த்து எழுதட்டும்.